மூத்தவனுக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே ஸ்ட்ரோலரா? முதலில் லிஃப்ட் கதவை அளந்துவிடுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். மூத்த பையனுக்கு 22 மாதம். இன்னும் ஆறு வாரத்தில் அடுத்த பிரசவம். வீடு வேலூர் சத்துவாச்சாரியில், அடுக்குமாடியில் இரண்டாவது தளம், லிஃப்ட் உண்டு. வீட்டுக்காரர் காலையிலேயே ராணிப்பேட்டைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். மாமியாருக்கு மூட்டுவலி, அதிகம் நடக்க முடியாது. சாயங்காலத்தில் இரண்டு பிள்ளைகளையும் தனியாகவே வெளியே கூட்டிப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டைக்கும் போக வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் அக்கா, முன்னும் பின்னுமாக இரண்டு சீட் வைத்த ஸ்ட்ரோலர் ஒன்றைக் கொண்டு வரட்டுமா என்று கேட்கிறார். அதற்குச் சரி சொல்லலாமா, இல்லை பக்கத்தில் பக்கத்தில் சீட் உள்ளதை இங்கேயே வாங்கலாமா?

நான் காட்பாடிப் பக்கம் குழந்தைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். விற்பதோடு பழுதும் பார்க்கிறேன். அதனால் எந்த வண்டி நம் ஊர்த் தெருவில் எங்கே உடைகிறது என்பது ஓரளவுக்குத் தெரியும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அக்காவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிரசவத்துக்கு முன்னால் எதையும் வாங்காதீர்கள். மூன்று மாதம் கழித்து வாங்கும்போது, உங்கள் லிஃப்ட் கதவின் அகலம் எவ்வளவோ அதைப் பொறுத்து இரண்டில் ஒன்று.

ஏன் இப்போது வேண்டாம்? பிரசவம் முடிந்து அம்மா வீட்டில் இரண்டு மூன்று மாதமாவது இருப்பீர்கள். அந்தக் காலத்தில் கைக்குழந்தை பெரும்பாலும் தூளியில், இல்லாவிட்டால் பாட்டி மடியில். தடுப்பூசிக்குத் தவிர வெளியே போகிற வேலை இல்லை. நீங்கள் திரும்பி வரும்போது மூத்தவனுக்கு இரண்டே கால் வயதாகியிருக்கும். 22 மாதத்தில் வண்டியில் சமர்த்தாக உட்காருகிற பிள்ளை இரண்டே கால் வயதில் பெல்ட் போட்டாலே வில்லாக வளைந்து கத்தலாம். நேர்மாறாகவும் நடக்கும்: இதுவரை ஓடிக்கொண்டே இருந்தவன், வண்டியில் பாப்பா படுத்திருப்பதைப் பார்த்ததும் ‘எனக்கும்’ என்று ஏறிக்கொள்வான். உங்கள் பையன் எந்த ரகம் என்று இப்போது யாருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்குப் பத்து இருபதாயிரம் போட வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. சிசேரியன் ஆகிவிட்டால், முதல் ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காதீர்கள் என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். இரட்டை வண்டி எதுவாக இருந்தாலும் பத்து கிலோவுக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. முன்பின் சீட் வைத்தவை பதினைந்து கிலோவையும் தொடும். வாசற்படியில் இரண்டு படி இருந்தாலும் அதைத் தூக்கத்தான் வேண்டும்.

அக்கா சொல்லும் முன்பின் வண்டிக்கு வருவோம். அதில் ஒரு பெரிய வசதி உண்டு, ஒத்துக்கொள்கிறேன்: அகலம் ஒற்றை வண்டி அளவுதான், அறுபது செ.மீ. ஒட்டி. எந்தக் கதவிலும் நுழையும். ஆனால் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். சின்ன லிஃப்டுக்குள் அதைத் தள்ளிவிட்டு நீங்களும் உள்ளே நிற்க வேண்டும், கதவும் மூட வேண்டும். பல அடுக்குமாடிகளில் இது நடக்காது.

அதைவிடப் பெரிய தொல்லை தெருவில். மேடு ஏற வேண்டுமானால் கைப்பிடியைக் கீழே அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். முன் சீட்டில் பன்னிரண்டு கிலோ பையன் பின்சக்கரத்திலிருந்து அவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கும்போது, கிணற்றில் ஏற்றம் இறைக்கிற மாதிரி உடம்பையே போட்டு அழுத்தினால்தான் மூக்கு எழும்பும். நம் ஊரில் மேடு என்பது எப்போதோ ஒருமுறை வருவதில்லை. வீட்டுக்கு வீடு தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும் சாய்தளம், கால்வாய் மேல் போட்ட சிலாப், பெயின்ட் அடிக்காத வேகத்தடை, பைப் போடத் தோண்டி மூடிய பள்ளம். நூறடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல் ஆறாத உடம்புக்கு இது வேண்டாத வேலை.

அமெரிக்க முன்பின் வண்டிகளில் பலவற்றைக் கைக்குழந்தைக்கான கார் சீட்டை அப்படியே மேலே பொருத்திக்கொள்கிற மாதிரிதான் செய்திருப்பார்கள். வீட்டிலிருந்து கார், காரிலிருந்து கடை என்று வாழ்கிற ஊருக்கு அது சரி. அந்த கார் சீட் இல்லாவிட்டால், பின் சீட் பிறந்த குழந்தைக்குப் போதுமான அளவு சாயாமல் போகலாம். கார் சீட் இருந்தாலுமே, அதில் குழந்தையை மணிக்கணக்காகத் தூங்க விடக் கூடாது. அரைகுறையாக உட்கார்ந்த நிலையில் தலை முன்னால் விழுந்து, தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுக்குழாய் நெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பிறந்த குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். அப்புறம், ஒரு சக்கரம் உடைந்தால் அந்த அளவில் சக்கரம் இங்கே கிடைக்காது. கடல் தாண்டி வாங்கியதற்கு இங்கே வாரன்டியும் பொதுவாகச் செல்லாது.

பக்கத்தில் பக்கத்தில் சீட் உள்ள வண்டி ஓட்டுவதற்குச் சுகம். இரண்டு பிள்ளைகளின் எடையும் ஒரே வரிசையில், உங்கள் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்புவது எளிது, மேடு ஏற்றுவதும் எளிது. இருவர் முகத்தையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். கஷ்டம் அகலத்தில்தான்: எழுபதிலிருந்து எண்பது செ.மீ. வரை வரும். பாதசாரிக்கென்று நடைபாதை இல்லாத தெருவில் அந்த எண்பது செ.மீ. வண்டிப் போக்குவரத்துக்குள் நீட்டிக்கொண்டு போகும். லாங் பஜார், நேதாஜி மார்க்கெட் பக்கம் அதைக் கொண்டு போக நினைக்கவே வேண்டாம். காந்தி ரோட்டில் கைவீசி நடக்கவே இடம் கிடைப்பதில்லை, இரட்டை வண்டியா?

ஆக, டேப்பை எடுங்கள். லிஃப்ட் கதவு முழுக்கத் திறந்திருக்கும்போது உள்ள இடைவெளி, பிறகு உள் ஆழம். வீட்டு மரக்கதவு மூன்றடி இருக்கும், அதை நம்பாதீர்கள். அதற்கு வெளியே போட்டிருக்கும் இரும்பு கிரில் கேட்டின் திறப்பைத்தான் அளக்க வேண்டும். பல வீடுகளில் அது ஒரு பாதி மட்டுமே திறக்கும், இன்னொரு பாதிக்குப் பின்னால் செருப்பு ஸ்டாண்ட். கீழே காம்பவுண்டில் வாட்ச்மேன் திறந்து வைக்கும் சின்ன கேட்டையும் அளந்துகொள்ளுங்கள். வண்டியின் அகலத்தைப் பார்க்கும்போது, சக்கரத்தின் வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரைக்கும் எவ்வளவு என்று பாருங்கள். சீட் அகலத்தைப் பெரிதாகப் போட்டு ஏமாற்றுகிற விளம்பரங்கள் உண்டு.

இந்த அளவுகளில் மிகக் குறுகியது எண்பது செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால், எழுபத்தைந்துக்குள் அடங்கும் பக்கத்துப் பக்க வண்டியை வாங்குங்கள். எழுபதுதான் என்றால், இரட்டை வண்டி யோசனையையே விட்டுவிடுங்கள். முழுக்கச் சாயும் நல்ல ஒற்றை ஸ்ட்ரோலர் ஒன்று, அதன் பின்னால் மாட்டுகிற நிற்கும் பலகை ஒன்று. இரண்டு சின்னச் சக்கரம் வைத்த பலகை அது. பின் அச்சில் கொக்கி போட்டு மாட்டுவது. மூத்தவன் அதில் ஏறி, கைப்பிடிக்கும் சீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு வருவான். பெரும்பாலானவை இருபது கிலோ தாங்கும், இரண்டு வயதுக்கு மேல் பொருந்தும். பையன்களுக்குப் பஸ் படியில் தொங்குகிற குஷி. குறை என்னவென்றால், வேகமாக நடந்தால் உங்கள் கால் கீழே பலகையில் இடிக்கும், கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று தள்ள வேண்டும். அவன் அதில் நின்றுகொண்டே தூங்கவும் முடியாது. தூக்க நேரத்துக்கு முன்னால் வீடு திரும்பிவிட வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியின் பின் அச்சில் அது பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்த்துவிடுங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், பொருந்தாது.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால், கதவு எண்பது இருந்தாலுமே பலகையைத்தான் முதலில் யோசிப்பேன். மூத்தவனுக்கு மூன்று மூன்றரை வயதானால் இரட்டை வண்டிக்கு வேலை முடிந்தது. அவன் இன்னும் சின்னவனாக, ஒன்றேகால் ஒன்றரை வயதில் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரட்டைதான் சொல்லியிருப்பேன்.

எது வாங்கினாலும் கைக்குழந்தை படுக்கிற சீட்டில் சமரசம் செய்யாதீர்கள். கழுத்து நின்று, தானாக உட்காரும் வரை, அதாவது கிட்டத்தட்ட ஆறு மாதம் வரை, குழந்தை படுத்தபடிதான் போக வேண்டும். ஐரோப்பியத் தரமான இஎன் 1888, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சீட்டும் முதுகும் சேரும் கோணம் 150 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறது. கடையில் இதைச் சோதிக்க ஒரு சுலப வழி: முதுகுப் பக்கத்தை முழுக்கச் சாய்த்து, போனில் லெவல் பார்க்கும் ஆப்பைத் திறந்து முதுகு மேல் வையுங்கள். அடி சீட் மட்டமாக இருந்து, போன் முப்பதோ அதற்குக் குறைவோ காட்டினால் சரி. ‘நியூபார்ன்’ என்று அட்டையில் அச்சடித்திருப்பது கணக்கில்லை. இரட்டை வண்டியில் இரண்டு சீட்டும் தனித்தனியாகச் சாய வேண்டும். ஒன்று தூங்கும்போது இன்னொன்று உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டாமா? நடுவில் தடுப்புத் துணி இருந்தால் நல்லது. பாசம் முற்றினால் மூத்தவன் பாப்பா வாயில் முறுக்கை வைப்பான்.

பெல்ட் ஐந்து முனை உள்ளதாக இருக்கட்டும்: தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, தொடை நடுவில் ஒன்று. மூன்று முனை பெல்ட்டில் பிள்ளை கீழே வழுக்கி இறங்கும்.

பிரேக்கைக் கடையிலேயே அழுத்திப் பாருங்கள், செருப்புக் காலால் ஒரே மிதியில் இரண்டு பின்சக்கரமும் நிற்க வேண்டும். காட்பாடி ஜங்ஷனுக்குப் போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். 2009-ல் மெல்பர்ன் நகர ரயில் நிலையம் ஒன்றில், தாய் ஒரு கணம் கையை விட்டதும் வண்டி தானாக உருண்டு தண்டவாளத்தில் விழுந்து, அதன் மேல் ரயிலும் மோதியது. குழந்தை பிழைத்தது அதிசயம். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. பிளாட்பாரத்தில் வண்டியை ரயிலுக்கு நேராக நிறுத்தாமல், பக்கவாட்டாகத் திருப்பி நிறுத்தி பிரேக் போடுங்கள். எஸ்கலேட்டரில் ஏற்றவே கூடாது.

இனி நான் அன்றாடம் பார்க்கிற இடம், சக்கரம். பழுதுக்கு வரும் வண்டியைக் கவிழ்த்தால் முன்சக்கரத்தின் அச்சில் முதலில் தெரிவது தலைமுடியும் பூ கட்டுகிற நாரும்தான். கோயில் வாசலிலும் வீட்டுக்குள்ளும் உருண்டு சேர்ந்தது, கயிறு மாதிரி இறுகிக் கிடக்கும். பிளேடால் அறுத்து எடுத்து, நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பாதி ‘பழுது’ தீர்ந்துவிடும். இதற்கு என்னிடம் வரவே வேண்டாம், மாதம் ஒருமுறை நீங்களே செய்யலாம். தீராத பழுது சின்ன பிளாஸ்டிக் சக்கரம். உள்ளங்கை அகலச் சக்கரம் இன்டர்லாக் கல்லின் இடுக்கில், ஜல்லியில், சிலாப் சந்தில் மாட்டும். தள்ளுகிற வேகத்தில் அச்சு வளையும். பின்சக்கரமாவது எட்டு அங்குலம் இருக்கட்டும். முன்சக்கரம் சுழலாமல் பூட்டுகிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள், கரடுமுரடான இடத்தில் பூட்டிவிட்டால் நேராகப் போகும். காற்று அடிக்கும் டயர் சுகமானதுதான், ஆனால் பாலாற்றங்கரைப் பக்கமோ காலி மனைப் பக்கமோ போனால் வேலிக்காத்தான் முள் விடாது. ரப்பர் மாதிரி அடர்த்தியான நுரை நிரப்பிய சக்கரமே நமக்கு ஏற்றது.

கைப்பிடியில் பை மாட்டாதீர்கள். மூத்தவன் திடீரென்று இறங்கியதும் பையின் கனத்தில் வண்டி அப்படியே மல்லாக்கச் சாயும், பாப்பா உள்ளே இருக்கும்போதே. காய்கறி எல்லாம் சீட்டுக்கு அடியில் இருக்கும் கூடையில்.

மடிக்கும்போது மூத்தவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டு மடியுங்கள். குடை மாதிரி மடியும் லேசான வண்டியை 1965-ல் உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன். அவர் விமான இன்ஜினியர், ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்தவர். அவர் பெயரில் நடந்த கம்பெனி 2009-ல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குக் கீல் மூடி கொடுக்க வேண்டி வந்தது. விரிக்கும்போது கீலில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டானதாக 12 புகார்கள் வந்திருந்தன. ஒரு பிள்ளை மட்டும் இருக்கிற வீட்டில் அது உங்கள் இடுப்பில் இருக்கும். இரண்டு இருந்தால் ஒன்று எப்போதும் வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும்.

வெயில். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வண்டியின் கூரை மேல் துப்பட்டாவையோ டவலையோ போட்டு மூடுகிற பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிழல் தருகிறோம் என்று நினைத்துச் செய்வது அது. மெல்லிய துணியாகவே இருந்தாலும் உள்ளே காற்று நின்று, கொஞ்ச நேரத்திலேயே வெளியைவிடச் சூடேறிவிடும். கண்ணு படும் என்று பெரியவர்கள் மூடச் சொன்னால் கொசுவலை போட்டுக்கொள்ளுங்கள். காற்று போகும், கொசுவும் வராது. கறுப்புத் துணி சீட் வேண்டாம். வெயிலில் நின்ற வண்டியில் பிள்ளையை உட்கார வைக்கும் முன் பெல்ட் பக்கிளைத் தொட்டுப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழரைக்குள் வீடு திரும்புவது, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கிளம்புவது. குழந்தைக்குச் சூடு ஏறிவிட்டதா என்று பிடரியிலும் நெஞ்சிலும் தொட்டுப் பாருங்கள், கை காலை வைத்துத் தெரியாது.

கோட்டைக்கு நீங்கள் நினைக்கிறது சரியான யோசனை. உள்ளே ரோடு அகலம், மர நிழல் உண்டு, காலையில் நடக்க வருகிற கூட்டத்தோடு நீங்களும் போகலாம். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் வண்டி வேண்டாம், கல் படியும் வாசல் நிலையும் உயரம். வீட்டுக்காரரும் கூட வரும் நாளில் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் வாருங்கள்.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் இரட்டை வண்டியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சின்னதுக்கு ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் தடுப்பூசி. மூத்தவனுக்கும் 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய பூஸ்டர் இருக்கிறது, போடாமல் இருந்தால் பிரசவத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். இந்தப் பயணம் எல்லாம் ஆட்டோவில்தான். மடித்த இரட்டை வண்டி ஆட்டோவில் ஏறினால் நீங்கள் ஏற முடியாது. சின்ன காரின் டிக்கியிலும் அது போனால் வேறு எதுவும் போகாது. வாங்குவதற்கு முன் கடை வாசலில் டிக்கியைத் திறந்து வைத்துப் பார்த்துவிடுங்கள். ஓபி வரிசையில் வண்டியைவிட ஒரு பெரியவர் கூட இருப்பது உபயோகம்: பிள்ளைக்கு ஒரு ஆள்.

சிலர் வண்டியே வேண்டாம், கைக்குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொள்ளும் கேரியர் போதும், மூத்தவனுக்கு மட்டும் பழைய ஒற்றை வண்டி என்பார்கள். நல்ல வழிதான், நீங்களும் செய்யலாம். ஒன்றைக் கவனியுங்கள்: பல கேரியர்கள் மூன்றரை கிலோவுக்கு மேல்தான் என்று கம்பெனியே போட்டிருக்கும். நம் பிள்ளைகள் இரண்டரை, மூன்று கிலோவில் பிறப்பதுதான் வழக்கம். அதனால் முதல் மாதத்தில் அது பொருந்தாது. கட்டும்போது குழந்தையின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் படியக் கூடாது, குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்க வேண்டும், தொடைகள் விரிந்து முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்க வேண்டும். மே மாதத்தில் இருவருக்கும் வேர்த்துக் கொட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விலை என்று கேட்டால், இந்தியக் கம்பெனி இரட்டை வண்டிகள் சுமார் பத்தாயிரத்தை ஒட்டித் தொடங்கும், வெளிநாட்டுப் பெயர்கள் முப்பதாயிரத்தைத் தாண்டிப் போகும். இரண்டு வருஷம்கூட ஓடாத பொருளுக்கு முப்பதாயிரம் போட நான் சொல்ல மாட்டேன், விற்கிறவனாக இருந்தும். பழையது கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். விரித்துப் பூட்டிவிட்டு, கைப்பிடியை முன்னும் பின்னும் உலுக்குங்கள். பூட்டு தளர்ந்தால் வேண்டாம். குழாய்ச் சட்டத்தில் வெல்டு போட்ட இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தொடை நடுவில் வரும் பெல்ட் அறுந்திருந்தாலோ, அதன் இடத்தில் வேறு நாடாவைத் தைத்திருந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துணி அழுக்காக இருப்பது பெரிய விஷயமில்லை, கழற்றித் துவைத்தால் போய்விடும். வேண்டுமானால் அதைக் காட்டி ஐநூறு குறைத்துக் கேளுங்கள்.